முடக்குவாதம் உள்ள அம்மா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். எனக்கு முடக்குவாதம். டாக்டர்கள் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள், பழைய ஆட்கள் சரவாங்கி என்பார்கள். என் மகளுக்கு ஆறு வயது. நோய்க்கு அவளைவிட ஐந்து மாதம்தான் வயது குறைவு. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை.

புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி ஓ.பி. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அம்மாக்கள், போனில் சொந்தக்காரர்கள் என்று பலரும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சில கேள்விகள் என் மகள் கேட்டவை. நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

மூட்டு வலிதானே, வயசானால் எல்லோருக்கும் வருவதுதானே?

வயசாகி மூட்டு தேய்வது வேறு, இது வேறு. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் மூட்டுக்குள் இருக்கும் சவ்வைத் தாக்குகிறது. விரல், மணிக்கட்டு, கால் விரல் என்று சின்ன மூட்டுகளில்தான் பெரும்பாலும் தொடங்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். எனக்கு வந்தபோது சிக்குன்குனியா மிச்சம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2006-இல் அந்தக் காய்ச்சல் ஊரையே புரட்டிப் போட்டதிலிருந்து எங்கள் பக்கம் எந்த மூட்டு வலிக்கும் அந்தப் பெயர்தான். அப்படியே எட்டு மாதம் போய்விட்டது.

பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்த நோயில் தெரிய வேண்டிய முக்கியமான சங்கதி, காலை விறைப்பு. எழுந்ததும் ஒரு மணி நேரம், மோசமான நாளில் இரண்டரை மணி நேரம் விரல்கள் மடங்காது. ஒரு பிள்ளைக்கு அம்மாவின் பத்து விரலும் வேண்டிய நேரம் எது? காலை ஆறரையிலிருந்து எட்டரை. சட்டைப் பொத்தான், டிபன் பாக்ஸ் மூடி, வாட்டர் பாட்டில், ஷூ பட்டை, ஜடை. பதினோரு மணிக்கு நான் நன்றாக இருப்பேன், அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். மத்தியானம் என்னைப் பார்க்கும் எதிர்வீட்டு அக்கா, "உனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கே" என்பார். அவர் பார்ப்பது என் நல்ல நேரத்தை. மகள் தினமும் பார்ப்பது என் கெட்ட நேரத்தை.

ஆறு வயசுப் பிள்ளைக்கு இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்? பயந்துவிடாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கு மூன்று வயதில், காலையில் ஏன் தூக்கவில்லை என்று கேட்டபோது, "அம்மா கை தூங்குது" என்று சொல்லி வைத்தேன். சாமர்த்தியமான பதில் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. பத்து நாள் கழித்து ராத்திரியில் அவள் எழுந்து உட்கார்ந்து தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கினால் தன் கையும் தூங்கிப்போய்விடும் என்று பயம்.

அன்றைக்குப் பெயரைச் சொல்லிவிட்டேன். "இதுக்குப் பேரு முடக்குவாதம். உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க. கிருமி வந்தா அடிப்பாங்க. அம்மா உடம்புல அவங்க தப்பா வீட்டு ஆளையே அடிக்கிறாங்க. மாத்திரை அவங்களை உட்கார வைக்குது." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவங்களுக்குக் கண்ணாடி வாங்கிக் குடு" என்றாள். எனக்கு இதுவரை கிடைத்த யோசனைகளில் உருப்படியானது இதுதான்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது பெயர் மட்டும்தான். பெயர் இல்லாவிட்டால் அவர்களே ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்கள், அது எப்போதும் நிஜத்தைவிட மோசமாக இருக்கும். அதற்காக நோயின் முழுக்கதையையும் கொட்ட வேண்டியதில்லை. எலும்பு அரிப்பது, ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்கு எதற்கு? அவளுக்குத் தெரிய வேண்டியது, நாளைக் காலையில் யார் ஜடை பின்னுவார்கள், யார் கூட்டிப்போவார்கள் என்பது. இந்த இரண்டையும் ராத்திரி படுக்கும் முன் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் அதோடு தூங்கிவிடுகிறாள்.

பிள்ளை பிறந்த பிறகுதான் வந்தது என்கிறீர்களே, அப்படியானால் பிறந்த நேரம்...?

இந்தக் கேள்வியை யாரும் முழுசாகக் கேட்பதில்லை. "நேரம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். என் வீட்டிலேயே இரண்டு பெரியவர்கள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்கும் என் மேல் பாசம்தான், காரணம் தெரியாமல் தவித்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு நடந்தது கூடத்தில். நாலரை வயசுப் பிள்ளை அங்கேதான் பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

மருத்துவம் சொல்வது இது: கர்ப்பமாக இருக்கும்போது எதிர்ப்பு சக்தி தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. ஏற்கெனவே முடக்குவாதம் உள்ள பல பெண்களுக்கு அந்த மாதங்களில் வலி குறையும். பிரசவத்துக்குப் பிறகான மாதங்களில் நோய் திரும்பக் கிளம்பும், சிலருக்கு அப்போதுதான் முதன்முதலாகத் தலைகாட்டும். அந்தச் சில பேரில் நான் ஒருத்தி. காலம் ஒத்துப்போகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கும் இவள் பிறந்த நட்சத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எந்தக் குழந்தை பிறந்திருந்தாலும், எந்தக் கிழமையில் பிறந்திருந்தாலும் இதுவேதான்.

சிக்கல் என்னவென்றால், இந்த வயசுப் பிள்ளைக்கு ஜோசியர் தேவையே இல்லை. நாலிலிருந்து ஏழு வயது வரைக்கும் உலகத்தில் நடப்பதெல்லாம் தன்னால்தான் என்று நினைக்கும் வயது. நேற்று சாப்பிட அடம்பிடித்தேன், இன்று அம்மாவுக்குக் கை வீங்கிவிட்டது என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்குக்குப் பெரியவர்களும் சேர்ந்து விடை எழுதிக் கொடுத்தால் எப்படி? என் மகள் கொஞ்ச நாள் எதையும் கேட்காத பிள்ளையாக மாறிப்போனாள். பலூன் வேண்டாம், ஐஸ் வேண்டாம், தூக்க வேண்டாம். "எவ்வளவு சமத்து" என்று எல்லோரும் மெச்சினார்கள், நானும்தான். அது சமத்து இல்லை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பிறகு ஒருநாள் நேராகவே சொன்னேன்: "நீ பொறந்ததுனால வரலை. நீ அழுததுனால வரலை. நீ நெனச்சதுனால வரலை. உன்னால வரவைக்கவும் முடியாது, போகவைக்கவும் முடியாது." ஒரு தடவை சொன்னால் போதாது. உடம்பு மோசமாகும் ஒவ்வொரு முறையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர்களிடம் வீட்டுக்காரர் பேசினார். ஜாதகம் அதற்குப் பிறகு பீரோவை விட்டு வெளியே வரவில்லை.

உங்கள் உடம்பு சரியாக வேண்டும் என்று பிள்ளைக்குத் திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். தப்பா?

என் ஓரகத்தி கேட்டது. வேண்டுதல் தப்பில்லை. தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே இருக்கும் மலைக்கு ஔஷதகிரி என்றே பெயர், அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையின் துண்டு விழுந்தது என்று கதை. எனக்கும் அங்கே போனால் மனசு லேசாகும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். "உன் முடியைக் குடுத்தா அம்மாவுக்குக் கை சரியாகிடும்" என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது. முடி போயும் கை சரியாகாவிட்டால் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? "சாமிக்கு மொட்டை" என்று மட்டும் சொன்னோம். ஆறு மாதத்துக்கு ஜடை வேலை மிச்சம் என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

இது ஒட்டுமா? ஒரே தட்டில் சாப்பிடலாமா?

ஒட்டாது. தாராளமாகச் சாப்பிடலாம்.

விஷயம் தலைகீழ். பிள்ளையிடமிருந்துதான் எனக்கு வரும். நான் சாப்பிடும் மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியை அடக்குபவை. அவள் வகுப்பில் இருமல் சுற்றினால் எனக்குப் பதினைந்து நாள். முக்கியமாக அம்மை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தால் வேப்பிலை கட்டுவார்கள், வெளியே சொல்லத் தயங்குவார்கள். அதனால் டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்: யாருக்காவது அம்மை என்றால் எனக்கு உடனே தகவல் வேண்டும். சின்னம்மை இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கடுமையாகப் போகக்கூடும். அதனால் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல், வீட்டில் யாருக்காவது வந்தது என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சின்னம்மை தடுப்பூசி அரசு இலவசப் பட்டியலில் இல்லை. பிள்ளைக்குப் போட்டுவிடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டுப் போட்டோம்.

அப்புறம், அவள் வீட்டுக்குள் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். "அம்மாவுக்காகக் கழுவு" என்று சொல்வதில்லை. எல்லோரும் கழுவுகிறோம், அவளும் கழுவுகிறாள். இல்லாவிட்டால் நான் படுத்தபோதெல்லாம் தன் கை அழுக்கைத்தான் அவள் பழி சொல்லுவாள்.

பிள்ளையிடம் வீட்டு வேலை சொல்லலாமா?

சொல்லலாம், நிறையவே. கீழே விழுந்த ஊக்கு எடுப்பது, வெங்காயத் தோல் உரிப்பது, துணி மடிப்பது, கதவுத் தாழ்ப்பாள் போடுவது. பிள்ளைகளுக்கு உதவி செய்வது பிடிக்கும். அதைப் பிடுங்கிக்கொள்வது நியாயமில்லை. என் மகளுக்கு ஜாம் பாட்டில் மூடி திறப்பதில் ஒரு கர்வமே உண்டு.

நான் கோடு போட்டிருப்பது வேறு இடத்தில். அவள் மறந்துபோனால் எனக்கு ஆபத்து வரும் என்கிற எந்த வேலையும் அவளுடையது இல்லை. முதலாவது மாத்திரை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அதைத் தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. கூடவே ஃபோலிக் ஆசிட் என்று இன்னொன்றையும் கொடுப்பார்கள். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகளாக இருப்பது சகஜம். என் மகள் ஐந்து வயதில் "நான்தான் அம்மா நர்ஸ்" என்று தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து தருவாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். ஒரு புதன்கிழமை அவள் உள்ளங்கையில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. வாய்வரை கொண்டுபோய்விட்டுத்தான் பார்த்தேன். அன்றிலிருந்து மருந்து டப்பா பீரோவின் மேல்தட்டில், நான் ஸ்டூல் போடாமல் எட்டும் உயரத்தில். வீட்டுக்காரர் எடுத்துத் தருவார், அவர் ஷிஃப்ட்டில் இருந்தால் நானே எடுத்துக்கொள்வேன். அவள் தண்ணீர் மட்டும் கொண்டுவருவாள். பிள்ளை தவறுதலாக விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ரகசியம். "இன்னைக்கு அம்மா கீழே உட்கார்ந்து எழுந்திருக்க முடியலைன்னு அப்பாகிட்ட சொல்லாதே" என்று நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அவர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தாள், விளையாட்டு மாதிரி. ராத்திரி சாப்பிடவில்லை. கனமான தண்ணீர்க் குடத்தைக்கூட ஒரு பிள்ளை தூக்கிவிடும் போலிருக்கிறது, ரகசியத்தைத்தான் தூக்க முடியாது.

கட்டிப்பிடிக்க வந்தால் தள்ளிவிடத் தோன்றுகிறது, வலியில். என்ன செய்வது?

எங்கள் வீட்டில் "விரல் பார்ப்பது" என்று ஒன்று உண்டு. காலையில் அவள் தன் ஒரு விரலை என் உள்ளங்கையில் வைப்பாள். நான் மூடுவேன். விரலைச் சுற்றிக் கை மூடிவிட்டால் நல்ல நாள், ஏறிக் குதிக்கலாம். பாதிதான் மூடினால் பக்கத்தில் உட்கார்ந்து சாய்ந்துகொள்ளலாம். மூடவே இல்லையென்றால் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொள்வோம். இதில் இருக்கும் வசதி, "வராதே, வலிக்குது" என்று நான் கத்த வேண்டியதில்லை, அவளே பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். அதோடு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வகையில் தொட்டுக்கொள்கிறோம்.

நெற்றி முட்டும் நாட்களில் மணிக்கணக்காக ரேடியோ கேட்போம். வெள்ளி கடற்கரைக்குப் போனால் மணலில் என்னால் நடக்க முடியாது. நான் ரோடோரம் சிமெண்ட் கட்டையில், அவரும் அவளும் தண்ணீரில். முதலில் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது ஈரத்துணிக்குக் காவல் நானே.

நோய் கிளம்பிப் படுத்துவிட்டால் பிள்ளையை ஆயா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். என் அம்மா வீடு பண்ருட்டிப் பக்கம். அனுப்புவதில் தப்பில்லை, சில சமயம் வேறு வழியும் இல்லை. எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன்.

அவளுக்கு நாலு வயது. இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. பார்த்தால் அழுவாளே என்று, தூங்கும்போதே என் தம்பி தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கண் விழித்தது பண்ருட்டியில். பலாப்பழ சீசன், வீடு நிறையப் பிள்ளைகள், கொல்லையில் முந்திரி மரம். நன்றாகத்தான் விளையாடினாளாம். பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம், என் புடவைத் தலைப்பைத் தன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள். தூங்கினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்போது ஒரு பையை அவளே அடுக்குகிறாள். எத்தனை ராத்திரி என்று விரல் விட்டு எண்ணிச் சொல்கிறேன், தெரியாவிட்டால் "ஞாயித்துக்கிழமை போன் பண்ணி எத்தனைன்னு சொல்றேன்" என்கிறேன். முழித்திருக்கும்போது, கையசைத்து, அழுதுகொண்டே போகிறாள். அழட்டும். முடிந்தவரை நாங்கள் செய்வது இன்னொன்று: அவளை அங்கே அனுப்புவதற்குப் பதில் ஆயாவை இங்கே வரவழைப்பது. பள்ளிக்கூடமும் படுக்கையும் மாறாமல் இருந்தால் பாதிக் கலவரம் குறைகிறது.

நான் முடியாமல் இருக்கும் நாட்களில் மட்டும் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது, பள்ளிக்கூடம் போக மறுக்கிறது. நடிக்கிறதா?

நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கும். தான் போய்விட்டால் இங்கே என்ன ஆகுமோ என்கிற கவலை வயிற்றில் வந்து நிற்கிறது. காய்ச்சல், வாந்தி இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, "நீ பள்ளிக்கூடத்துல இருக்கும்போது அம்மா என்ன பண்ணுவேன் தெரியுமா" என்று மணி வாரியாகச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு வெந்நீரில் கை வைப்பேன், பத்து மணிக்கு எதிர்வீட்டு அக்கா வருவார், பன்னிரண்டுக்குத் தூங்குவேன். இதைக் கேட்டுவிட்டால் அவளால் போக முடிகிறது. டீச்சரிடம் மறைக்காதீர்கள். அவள் டீச்சர் மதியம் ஒருமுறை, "உங்கம்மா இப்ப தூங்கிட்டிருப்பாங்க" என்று சொல்லிவிடுவார், அவ்வளவு போதும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. விரல் மடங்காத ஒரு அம்மாவுக்கு அது என்ன என்று திட்டம் போட்டவர்களுக்கே தெரிந்திருக்காது. காலை ஏழரைக்கு என்னால் குக்கர் மூடியைத் திருக முடியாது. அவள் அங்கே பொங்கலும் சாம்பாரும் சாப்பிடுகிறாள். குற்றவுணர்ச்சி கொஞ்ச நாள் இருந்தது, பிறகு போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா?

ஒரு முறையாவது கூட்டிப்போங்கள். அவள் மனசில் ஆஸ்பத்திரி என்பது என்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடமாக இருந்தது. ஒருநாள் கூட வந்தாள். ஆல்பேட்டை செக்போஸ்ட், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ்ஸில் ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டே போனோம். தவளக்குப்பத்தில் தவளை இல்லை என்று அவளுக்கு ஏமாற்றம். புதுச்சேரி பஸ் நிலையத்தில் மாறி கோரிமேடு. ஓ.பி. சீட்டு, வரிசை, ரத்தம் எடுக்கும் இடம் எல்லாம் பார்த்தாள். டாக்டர் என் விரல்களை அழுத்தும்போது அவள் விரல்களையும் அழுத்திப் பார்த்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் புதுச்சேரி கிளம்பினால் அழுவதில்லை. ஒவ்வொரு முறையும் வேண்டாம், காத்திருக்கும் நேரம் பிள்ளைகளுக்குத் தண்டனை.

மழைக்காலத்துக்கு முன்பே ஒரு மாத மாத்திரை கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் புகுந்தது. அந்த வாரம் நான் எங்கேயும் போகவில்லை. "மாத்திரை இருக்கா?" என்று அவள் கேட்டபோது டப்பாவைத் திறந்து காட்ட முடிந்தது.

"நீ செத்துடுவியா?"

மகள் கேட்டது, பல் தேய்க்கும்போது. இந்தக் கேள்விக்கெல்லாம் நேரம் காலம் கிடையாது. "இந்த நோவுனால இப்ப சாக மாட்டேன். ரொம்ப வருஷம் இருப்பேன்னு டாக்டரும் நானும் நெனைக்கிறோம். ஏதாவது மாறினா உன்கிட்ட சொல்லுவேன்" என்றேன். "சாகவே மாட்டேன்" என்று சத்தியம் செய்யவில்லை. பக்கத்துத் தெரு தாத்தா போனதை அவள் பார்த்திருக்கிறாள், நம்ப மாட்டாள். பிறகு அவள் கேட்காமல் விட்ட பாதியையும் சொன்னேன்: ஒருவேளை நான் இல்லாவிட்டால் அப்பா இருக்கிறார், ஆயா இருக்கிறார், பெரியம்மா இருக்கிறார். "பெரியம்மா நல்லா தோசை சுடுவாங்க" என்றாள். வாய் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டாள். நான்தான் குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உயிருக்கு ஆபத்தான நோய் உள்ள வீட்டில் இதே பதில் பொருந்தாது. அங்கேயும் பொய் சொல்லாமல், இன்றைக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லலாம்.

பெண் பிள்ளை. நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும். வெளியே ஏன் சொல்கிறீர்கள்? அவளுக்கும் வருமா?

அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஆறு வயசுப் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், அதுவரை தினமும் காலையில் வந்து ஜடை பின்னிவிட்டுப் போகலாம்.

"வேற அம்மா வேணும்" என்று சொல்லிவிட்டது. தாங்க முடியவில்லை.

எனக்கும் ஒருமுறை கிடைத்தது, ஆண்டு விழாவுக்கு நான் வராத அன்று. "ஆமா, எனக்கும் வேற கை வேணும்னு இருக்கு" என்று சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். கோபத்துக்கு அவளுக்கு உரிமை உண்டு. நோய் மேல் எனக்கு இருக்கும் அதே கோபம்தான்.

பல வாரம் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, விளையாட்டே போய்விட்டால் மட்டும் ஒரு குழந்தை மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பெற்றோர் தங்களுக்காகவும் கூப்பிடலாம்.

எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். வந்த அன்று எரிந்து விழுகிறார். பிள்ளை ஒளிந்துகொள்கிறது.

டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு துவண்டு கிடக்கும், மனசும் அப்படித்தான். "அப்பா உன் மேல கோவமா இல்லை, மெஷின்ல இருந்து வந்த நாள்" என்று சொல்லிக் கொடுங்கள். காலண்டரில் அந்த நாட்களை அதுவே வண்ணம் தீட்டட்டும். ஆனால் அடி, வசவு என்று போனால் அதற்கு நோய் சாக்கு இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண், சைல்டுலைன் 1098.

வீட்டில் நீங்களும் பிள்ளையும் மட்டும் இருக்கும்போது விழுந்துவிட்டால்?

அப்பா நம்பர் பாட்டாக மனப்பாடம். 108 தெரியும். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை என்று சொல்லி, மாதம் ஒருமுறை ஒத்திகையும் பார்க்கிறோம். உள்தாழ்ப்பாளை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்தோம்.

பிள்ளைக்கென்று ஏதாவது உதவித்தொகை உண்டா?

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் இருந்தாலோ, பிள்ளையைக் கவனிக்க முடியாத நிலையில் இருந்தாலோ மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும், குழு பார்த்து முடிவு செய்யும். எங்களுக்கு வருமானக் கணக்கில் பொருந்தவில்லை. ஓ.பி. பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒருவரிடம் சொன்னேன், அவர் மனு கொடுத்திருக்கிறார்.

சரி, ஜடையை எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பாப் கட் வெட்டிவிடச் சொன்னார்கள். மொட்டைக்கு அப்புறம் வளர்ந்த முடி, அவள் விடவில்லை. ராத்திரியே பின்னிவிட்டுப் படுக்க வைத்தோம், காலையில் கோழி கிளறின குப்பை மாதிரி இருந்தது. கடைசியில் வீட்டுக்காரர் கற்றுக்கொண்டார், என் புடவைத் தலைப்பை மூன்றாகப் பிரித்து ஒரு வாரம் பழகி. முதல் ஷிஃப்ட் வாரத்தில் எதிர்வீட்டு அக்கா. வீட்டுக்காரர் பின்னும் இரட்டை ஜடையில் ஒன்று எப்போதும் மேலே, ஒன்று கீழே. ரிப்பன் இரண்டாவது பீரியடுக்குள் அவிழ்ந்துவிடும். பையில் இரண்டு ரப்பர் பேண்ட் வைத்து அனுப்புகிறோம், டீச்சர் போட்டுவிடுகிறார்.